மணிக்கட்டில் கிரேப்ஃப்ரூட்

கிரேப்ஃப்ரூட்டுக்குப் பேரில்தான் திராட்சை. ஆளைப் பார்த்தால் பம்பளிமாஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் என் மேசையில் ஒரு பழுப்புப் புட்டியில் இருக்கும். மூடியைத் திறந்தால் முதலில் இனிப்பு, அடுத்து கசப்பு, கடைசியில் தீக்குச்சி கிழித்ததுபோல ஒரு மெல்லிய நெடி. அந்த நெடிதான் அதற்கு உயிர். அது இல்லாவிட்டால் வெறும் ஆரஞ்சு.

சென்ட் கலப்பது என் தொழில். இந்த எண்ணெயோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்த விருந்தாளி மாதிரி, வந்த வேகத்தில் கிளம்பிவிடும். பின்னால் வரும் பூ வாசமும் மர வாசமும் நாள் முழுக்க நிற்கும். இது மட்டும் பேருந்து நிறுத்தம் வரைகூட வராது. எங்கள் முதலாளியம்மாவோ ஒரே பிடியாக நின்றார்.

"காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் அந்தப் பழம் சிரிக்கணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

முழுக்க முழுக்க என் கையால் வெளிவரப்போகும் முதல் சென்ட் அது. எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறியாக வேண்டும்.

அன்று கலவையில் வெட்டிவேர் எண்ணெயைக் கொஞ்சம் சேர்த்தேன். வெட்டிவேரின் அடியாழத்தில் கிரேப்ஃப்ரூட்டின் கசப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. பழம் போன பிறகு வேர் அதன் குரலில் பேசும் என்று ஒரு நப்பாசை. சாயங்காலம் மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு பேருந்து ஏறினேன். ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வெயில் உருகி வழிந்தது. தெருக்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெதுவாக நகர்ந்தன. என் மணிக்கட்டில் ஒரு தோட்டம் விழித்திருப்பதாகத் தோன்றியது. ஆனால் நாளெல்லாம் முகர்ந்து மரத்துப்போன மூக்கை நம்ப முடியுமா? அது எனக்குப் பிடித்ததைத்தான் சொல்லும்.

அதற்குத்தான் வீட்டில் ஒரு மூக்கு வைத்திருந்தேன். என் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் கதவருகே நின்று கையை நீட்டுவேன். அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் விரல்களைப் பிடித்துக் குனிந்து முகர்வார். பிறகு தீர்ப்பு. அதற்கப்புறம்தான் நான் செருப்பையே கழற்றுவேன்.

அன்றும் குனிந்தார். நிமிரும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போயிடுச்சும்மா. பழம் எப்பவோ போயிடுச்சு."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"சுத்தமா இல்ல. இதென்ன புதுசா?"

எனக்குத் தலைகால் தெரியாத கோபம், யார்மேல் என்று தெரியாமல். பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். இனி என்னால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போய், கலவைப் புட்டியைத் தொட்டியில் கவிழ்க்கப்போன நேரம், எங்களுக்கு எண்ணெய்களை எடை போட்டுத் தருகிறவர் உள்ளே வந்தார். உப்பைக்கூட அளந்தே போட்டுச் சாப்பிடும் மனிதர்; நாங்கள் அவரை மில்லிகிராம் என்றுதான் கூப்பிடுவோம். என் வேலைக் கோட்டு மாட்டியிருந்த ஆணிக்கருகே நின்றுவிட்டார்.

"மேடம், யாரு பழம் உரிச்சது? இங்கதான் சாப்பிடக் கூடாதுல்ல?"

"யாரும் உரிக்கல."

"அப்ப உங்க கோட்டு உரிச்சிருக்கு. கை ஓரத்துல பாருங்க."

நேற்று புட்டியை மூடும்போது அங்கே சிந்தியிருக்க வேண்டும். முகர்ந்தேன். ராத்திரி தூங்கி எழுந்த மூக்கு பொய் சொல்லாது. தீக்குச்சி நெடியோடு, கசப்போடு, பழம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. இது ராத்திரி முழுக்க நின்றதென்றால், நேற்று வாசலில் அவர் எதை முகர்ந்தார்?

போன வாரம் திரிந்த பாலில் காபி போட்டு ரசித்துக் குடித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுப்பில் பருப்பு கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் மழைக்காலத்தில் அவருக்கு வந்த ஜுரத்துக்குப் பிறகு. மூக்கால் பிழைக்கும் எனக்கு, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூக்கு போனது தெரியவில்லை. அதற்கப்புறம் வந்த அத்தனை தீர்ப்பும் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னவை. எந்த வாசனை எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான்தான் அவருக்கு ஓயாமல் பாடம் ஒப்பித்திருக்கிறேனே.

மத்தியானம் முதலாளியம்மா முகர்ந்தார், கண்ணை மூடினார், "இதுதான்" என்றார். எல்லோரும் கை கொடுத்தார்கள். என் மனசு அங்கே இல்லை.

கிளம்பும்போது மணிக்கட்டை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதே பேருந்து, அதே உருகும் வெயில். கையில் ஒன்றுமே இல்லாமல் மிதந்து போனேன்.

கதவு திறந்தது. கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜெயித்த செய்தி எப்படியோ அதில் எழுதியிருந்தது போலும். குனிந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் முகர்ந்தார்.

"அட! நிக்குதே! பழம் அப்படியே நிக்குது. சாதிச்சுட்டம்மா நீ!"

"இன்னைக்கு ஒண்ணுமே போடலங்க."

அவர் நிமிரவில்லை. உள்ளே கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஏங்க சொல்லல? உங்க பேச்சக் கேட்டு அந்தப் புட்டிய கொட்டப் பாத்தேன், தெரியுமா?"

"தப்புதான். சொல்லணும்னு தெனமும் நெனச்சேன்." குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "சொல்லிட்டா நீ வேற மூக்கைத் தேடிப்ப. அப்புறம் வாசல்ல கைய நீட்ட மாட்டியே."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்ன மனிதர் இவர்! வேலைக்காக மட்டும் நீட்டிய கை என்றா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்? நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றாமல், பையிலிருந்த புட்டியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு துளி விட்டேன். மறுபடியும் நீட்டினேன்.

"பிடிங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். இப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க. மொதல்ல இனிப்பு. அடுத்தது கசப்பு. இப்ப தீக்குச்சி கிழிச்ச மாதிரி ஒண்ணு..."

அவர் கண்ணை மூடிக் குனிந்தார்.

"தெரியுதா?"

"இல்ல," என்றார். கையை மட்டும் விடவில்லை.