இறங்காத கை

வடதுருவத்தை ஒட்டிய ஸ்கார்வெய் தீவில், கேள்வி கேட்க நவம்பரில் தூக்கிய சோல்வியின் கை ஜனவரிவரை இறங்கவில்லை. அந்த ஆண்டு காட் மீன் நல்ல விலைக்குப் போனது. சூரியன் வழக்கம்போலக் குளிர்கால விடுப்பில் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

வாரத்துக்கு எத்தனை நாள் என்று ஆசிரியை தோருன் கேட்டாள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஏழு என்று கத்தியது. சோல்வி மட்டும் விரலை உயர்த்தினாள். அங்கே ஆசிரியையையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"தோருன், உனக்குத்தான் பதில் தெரியுமே. அப்புறம் ஏன் எங்ககிட்ட கேக்குறே?"

"உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்."

பதில் கிடைத்தும் கை அங்கேயே நின்றது. அப்பா ஓட்வார் பிடித்து இழுத்தார். படகுத்துறைக் கம்பத்தை இழுத்ததுபோல் இருந்ததாம். படகில் வந்த மருத்துவர் எலும்பில் குறையில்லை என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். அம்மா மாரித் ஒரு கை மேல்நோக்கிய ஸ்வெட்டர் பின்னினாள். அப்பா தினமும் காரில் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். பிள்ளைகள் ஈரக் கையுறைகளை அவள் விரலில் மாட்டிக் காயவைத்தார்கள். "கூரையை விட்டுடாதே சோல்வி, எங்க தலைமேல விழுந்துடும்" என்றான் பக்கத்துப் பையன். தோருன் தினமும் அந்தக் கேள்விக்குப் புதிய பதில் ஒன்று கொண்டுவந்தாள். புத்தகங்களிலிருந்துகூட எடுத்துச் சொன்னாள். எதற்கும் கை அசையவில்லை.

சூரியன் திரும்பும் நாள் வந்தது. அன்று பள்ளியே மேட்டுக்கு நடந்துபோய் அதைப் பார்க்கும், ஜாம் வைத்த பன் தின்னும். மேட்டுக் காற்றுக்கு ஸ்வெட்டர் போதாது. பனி உடைக்குள்ளோ உயர்ந்த கை நுழையவில்லை. பள்ளி ஜன்னல்கள் எல்லாம் வடக்கே பார்த்தவை; சூரியன் எட்டிப் பார்ப்பதோ தெற்கில்.

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றாள் சோல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். கோட்டு மாட்டித் தயாராக இருந்த தோருன் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல நானும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருப்பேன். எப்போ நிறுத்தினேன், சோல்வி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அப்போ பொறக்கவே இல்லையே."

"எனக்கும் தெரியலைடி."

சோல்வியின் கை இறங்கியது. அதே நொடியில் தோருனின் வலக்கை, கோட்டுக் கையோடு சேர்ந்து, உயர்ந்தது. சோல்வி பனி உடைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்தாள். பிறகு இருவரும் மேட்டுக்கு ஓடினார்கள்.

மலை விளிம்பைத் தாண்டி வந்த முதல் வெளிச்சம் யார் முகத்திலும் விழவில்லை. தோருனின் விரல்நுனி மஞ்சளானது. அதற்குப் பிறகுதான் தொப்பிகள், மூக்குகள்.

தோருன் இப்போது ஓய்வுபெற்றுவிட்டாள். கை இறங்கவில்லை. ஆண்டுதோறும் சூரியன் திரும்பும் நாளில் பிள்ளைகள் வீட்டுக்கே போய் அவளை அழைத்து வருகிறார்கள். மேட்டில் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது மஞ்சளானதும் பன் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.