இருளம்மாள் வீட்டில் முளைத்த அறைகள்

தேனிக்கு ரயில் வந்த வருடம், பருத்தி விலை சரிந்த அதே வாரத்தில், இருளம்மாளின் வீட்டில் ஓர் அறை தானாக முளைத்தது. புருசனை இழந்த அவளுக்கும் மகன் சின்னச்சாமிக்கும் அதுவரை இருந்தது ஓர் அறையும் அடுப்படியும்தான். கடை வைக்கும் எண்ணத்தோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இறங்கிய ஏசுதாசனும் அவர் மனைவியும் முந்தின நாள் ரயிலடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். இருளம்மாள் அவர்களைக் கூட்டிவந்து அடுப்படியில் படுக்க வைத்தாள். விடிந்து பார்த்தால் மாட்டுக்கொட்டத்தை ஒட்டி, சுண்ணாம்பு ஈரம் காயாத புது அறை. அடுத்த வீட்டு ஒச்சாண்டியின் வீடு யாரையும் எழுப்பாமல் ஓர் அறை அகலத்துக்குக் கிழக்கே நகர்ந்திருந்தது. கிணறு தூரமாகிவிட்டதென்று அவர் சலித்துக்கொண்டார். வேறு புகார் இல்லை.

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அறை முளைத்தது. வருசநாட்டு மரவெட்டிகள், ஆண்டிபட்டித் தறிக்காரர்கள், ஏலமலையிலிருந்து மூட்டையோடு இறங்கிய மலையாளிகள். சில வருடங்களில் வீட்டுக்குள்ளேயே இரண்டு காப்பிக்கடைகளும் ஒரு ஜெபக்கூடமும் பிள்ளையார் கோயிலும் வந்துவிட்டன. மேற்கு அறைகளில் பெண்ணெடுத்த கிழக்கு அறைக்காரர்கள் மாப்பிள்ளையை மாட்டுவண்டியில் அனுப்பினார்கள். கொல்லைப்புறத்தில் மழை பெய்த சேதி வாசலுக்கு வந்துசேர அரைநாள் ஆனது.

வளர்ந்து மூக்கம்மாளைக் கட்டிக்கொண்ட சின்னச்சாமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவன் அறைக்குள் வழி கேட்டு ஆள் வந்தபடி இருந்தது.

"இது வீடா, சந்தையா ஆத்தா? பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்த பேச முடியல."

"வந்தவுகள எங்கன போகச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு இருளம்மாள் உலை வைக்கப் போனாள்.

ஒரு சித்திரையில், ராமநாதபுரத்துப் பஞ்சத்துக்குத் தப்பி, நிறைமாதமாக இருந்த பிச்சையம்மாள் புருசனோடு வாசலில் வந்து நின்றாள். சின்னச்சாமி "எடமில்ல" என்று கதவைச் சாத்தினான். திரும்பிப் பார்த்தால் அவனுடைய அறையைக் காணோம். அவன் தெருவில் நின்றான், அவன் கட்டிலும் பக்கத்தில் கிடந்தது. அதில் உட்கார்ந்து மூக்கம்மாள் தலைசீவிக்கொண்டிருந்தாள். அவள் சற்று நகர்ந்து, "நிக்காதீக அக்கா, உக்காருங்க" என்று பிச்சையம்மாளுக்கு இடம்விட்டாள். அந்தக் கட்டிலிலேயே பிச்சையம்மாளுக்கு வலி கண்டது. அடுப்படியிலிருந்து இருளம்மாள் நடந்து வந்துசேர நெடுநேரமாகும். போகிற வண்டிக்காரர்கள் பார்க்காதபடி சின்னச்சாமி போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். கை கடுத்தது. கடைசியில் குழந்தை வீறிட்டது.

"பொட்டப்புள்ள" என்றாள் மூக்கம்மாள்.

அவன் போய்க் கதவைத் திறந்தான். "உள்ள வாங்க" என்றான். உள்ளே அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருந்தன. நடுச்சுவர் மெலிசு, குழந்தை அழுதபோதெல்லாம் அவனும் எழுந்துகொண்டான்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆள் வரத்து நின்றது, வீடும் வளரவில்லை. வழி கேட்க யாருமில்லாத அறையில் சின்னச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டிபட்டி ரோட்டில் போய் நின்று பார்க்க ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் கோழிக்கூடையோடு ஒரு குடும்பம் புழுதியில் நடந்து வந்தது. எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவன் ஓடிப்போய் மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"விடிஞ்சாத்தான் அறை மொளைக்கும். அதுவரைக்கும் எங்க அறையில இருந்துக்கங்க."

அவர்கள் தலையாட்டினார்கள். கோழிகளுக்குத் தனி அறையா, சேர்ந்துதானா என்று மட்டும் கேட்டார்கள்.