அம்பலவாணர் வீடு வாங்கிய விதம்

மொஹிதீன் முதலாளியின் வீட்டை வாங்குவதா, விடுவதா என்று யோசித்தபடி அதன் வாயிலில் நின்ற அம்பலவாணருக்கு, 1958 ஐப்பசி மழையில் இரண்டு பாதங்களிலும் வேர் விட்டது. இனக்கலவரம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் இடமாற்றம் கேட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததால் மலைநாட்டுப் பதுளையில் வீட்டு விலைகள் சரிந்தன. அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர் அம்பலவாணரோ, ஆசிரியையான மனைவி செல்வநாயகியுடனும் இரண்டு பெண்பிள்ளைகளுடனும் பசாருக்குப் பின்னால் சுவர் கசியும் ஒரு வாடகை அறையில் இருந்தார். அந்த ஈரத்தில் இளையவள் கமலாதேவிக்கு மூச்சிழுப்பு வந்திருந்தது. இன்று வாங்கினால் நாளை விலை இன்னும் விழுமே என்றும், நாளை வாங்கினால் மறுபடி கலவரம் வந்து வீடே போய்விடுமே என்றும், வாங்காமல் விட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்களே என்றும் அவர் தினமும் மாலையில் அங்கே போய் நின்று யோசித்தார்.

வேரை முதலில் கண்டவள், தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பால் கொண்டுவரும் நல்லம்மா.

“ஐயா, காலுல வேரு வுட்டிருக்குங்க. தண்ணி கிண்ணி ஊத்தட்டுங்களா?”

“வேண்டாம் பிள்ளை, நான் இப்ப வெளிக்கிட்டிடுவன்.”

தை பிறந்தபோதும் அதையேதான் சொன்னார். கந்தோரிலிருந்து கோப்புகள் வாயிலுக்கே வந்தன. அவருடைய வரவு முன்பைவிட ஒழுங்காயிருப்பதாக மேலதிகாரி குறிப்பெழுதினார். கொழும்பில் மகளோடு போய் இருக்க ஆசைப்பட்ட மொஹிதீன் மாதாமாதம் விலையைக் குறைத்தார். “இதுக்குக் கீழ போனா சும்மா குடுக்கிறதுதான், ஐயா” என்பார். “இன்னும் விழும்” என்பார் அம்பலவாணர்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இத்தனை காலம் விட்டு நகராத வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. சிலர் நிலத்தடியில் மாணிக்கம் என்றார்கள். சிலர் அந்தப் பக்கமாகப் புதுத் தெரு வரப்போகிறது என்றார்கள். பசறையிலிருந்தும் பெரகலையிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து விலை கேட்டார்கள். வீட்டின் விலை ஏறியது. அதைப் பார்த்துத் தெரு முழுவதும் ஏறியது.

அந்த மாதம் கமலாதேவியை மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய செல்வநாயகி, மூன்றாம் தடவை திரும்பும் வழியில் வாயிலில் நின்றாள்.

“கொஞ்சம் பொறுப்பம். ஏறினது இறங்கத்தானே வேணும்” என்றார் அம்பலவாணர்.

“விலை என்னவும் செய்யட்டும். பிள்ளைக்கு மூச்சு விட வேணும்.”

மறுநாளே மொஹிதீனையும் உறுதி எழுதும் நொத்தாரிசையும் அந்த வாயிலுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். நிலத்தில் உள்ளவற்றை நொத்தாரிசு ஒவ்வொன்றாக எழுதினார்: கிணறு, பலா மரம் ஒன்று, தோடை மரம் இரண்டு. அம்பலவாணரிடம் வந்ததும் பேனா நின்றது.

“இவரை அசையும் சொத்திலை போடுறதோ, அசையாச் சொத்திலையோ, ரீச்சர்?”

செல்வநாயகி வேர்களைப் பார்த்தாள். “அசையாததிலையே போடுங்கோ.”

1961 தையில் குடிபுகுந்தார்கள். மாசிக்குள் கமலாதேவியின் இழுப்பு நின்றது. குடிபுகுந்த அன்று தேநீரோடு வந்த மனைவியிடம் அம்பலவாணர் வாங்கிய விலையைக் கேட்டார். கேட்டதும் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். “கொஞ்சம் அவசரப்பட்டிட்டீர்” என்றார்.

சித்திரையில் அவர் துளிர்த்தார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்த்து அவருடைய வலக்கையில் காயப்போட்டார்கள். அந்த வளவில் நல்ல காற்றுப் படும் இடம் அதுதான்.