இருபதாவது மனு

...இதுவும் பாஸாகும், ஆகாமல் எங்கே போகும், இதுவரை உள்ளே பத்தொன்பது பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, கட்டணம் கட்ட வக்கில்லாத கைதியய்யா, மேல்முறையீட்டைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டைக் கேட்பதில் என்ன பெரிய வித்தை, கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்... கோர்ட் வாசலில் பதினான்கு வருஷம் தட்டச்சு அடித்தவனுக்கா சொல்லித் தர வேண்டும், சும்மாவா உள்ளே எல்லோரும் அவனை ‘டைப்பு’ என்கிறார்கள். இருபதாவது மனு அவனுடையதே. நாலு மணித் தபால் பையில் போகாவிட்டால் கெடு முடிந்தது, ஆறு வருஷத்தையும் முழுசாகக் கழிக்க வேண்டியதுதான், ஆனால் மணி இரண்டரைதானே, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து உட்கார்ந்தாயிற்று, வெளியாள் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. தையல் மெஷினை விற்றுக் கட்டணம் கட்டுகிறேன் என்றவள் இவள், பிழைப்பை விற்றா எனக்குக் கேஸ் நடத்துவாய் என்று அவன்தான் அடக்கி வைத்தான்.

சிறை ரைட்டர் காகிதத்தை அவள் பக்கம் நீட்டினார், அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள், கையெழுத்துப் போடு என்றால் போட வேண்டியதுதானே, பரீட்சையா எழுதப் போகிறாள்... வருமானம் இல்லை, சொத்து இல்லை, எனக்கு உதவுவார் ஒருவருமில்லை... விரல் அங்கே நின்றது. அப்ப நான் யாருடா, என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மாசா மாசம் ரெண்டு பஸ் மாறி வர்றேனே. அவனுக்குச் சிரிப்பு வந்தது, மனுவுக்காக எழுதுறதுதான் அக்கா, எல்லாருக்கும் இதேதான் எழுதுறேன், ராசியான வரி. ரைட்டர் பேனாவை மூடிக்கொண்டே, அதைக் கோர்ட்டு கேக்கவே இல்லையேப்பா, வருமானம் சொத்து ரெண்டும்தான் கேக்குறாங்க, அது நீயா சேத்தது, என்றார். நானா? ஆமாம், முதல் மனுக்காரனுக்கு நிஜமாகவே நாதியில்லை, அவனுக்காக எழுதினது, பாஸானதும் அப்படியே பார்த்துப் பார்த்து எழுதி... சரி, அதனால் என்ன குடி முழுகிவிட்டது, ஒரே கோடு, வரியை அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டான், அக்கா கீழே பெயரெழுதி, உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

மனு பைக்குள் போயிற்று. கிடைத்துவிடும், அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அறைக்குத் திரும்பும்போது ஏழாம் மனுக்காரப் பெரியவர் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், அன்றைக்கு மனுவை வாசித்துக் காட்டச் சொன்னார், ஒருவருமில்லை என்ற இடம் வந்ததும் இன்னொரு தடவை வாசிப்பா என்றார், பிறகு மைதொட்ட கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், வைங்க பெரியவரே, மை காயுது என்று இவன்தான் அந்தக் கையைப் பிடித்து அழுத்தினான்... அவருக்கு மகன் ஒருவன் உண்டே, வாரம் தவறாமல் வந்து வலைக்கு அந்தப் பக்கம் நிற்பானே. ரேகை வைக்கத் தெரியாமலா அவர் அவ்வளவு நேரம் விரலைத் தூக்கிப் பிடித்திருந்தார்?