நாலு வரிச் சுவர்

குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்த மகள் கூடத்தின் நடுவில் நின்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். பூனை கழிக்கிற தட்டின் மண், அரிசிக் குறுணை மாதிரி அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் ஊரார் அழுக்கை அள்ளுகிறவள். வீட்டிலும் அதே என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவள் அப்பா மேஸ்திரி விளக்குமாற்றை எடுப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்ப்பா. எங்கூட வேலை பாக்குற அக்கா வந்து பூனையைத் தூக்கிட்டுப் போறேன்னுருக்கு.”

“அம்மா கேட்டா என்ன சொல்றது?”

“அம்மாவா தினம் கூட்டிப் பெருக்குது?”

வீடு அவளுடையது. மூன்று வருஷமாக அவள் போடும் சோறு.

உள்ளறையில் தாழ்வான கட்டிலில் படுத்திருந்தவளுக்கு இது கேட்டிருக்கும். பக்கவாதம் அவளுடைய வலது பாதியைத்தான் கொண்டுபோனது, காதை விட்டுவிட்டது. இடது கை மட்டும் அசையும். அந்தக் கைக்குள்தான் பன்னிரண்டு வயதுச் சாம்பல் பூனை நாளெல்லாம் கிடக்கும். மேஸ்திரி அதற்கு வைத்த பெயர் மகாராணி. வேலை கிடையாது, வேளைக்குச் சாப்பாடு, வேறென்ன பெயர் வைப்பது? ஆனால் மனைவி சிரிப்பதென்றால் அதைப் பார்த்துத்தான் சிரித்தாள். படுக்கையில் விழுந்த பிறகும் அவள் விட்டுக்கொடுக்காதது ஒன்று உண்டு. ஒண்ணுக்கு வந்தால் “ஏங்க” என்பாள். அவர் தூக்கி நிறுத்தி, பத்தடி தூரத்தைக் கால் மணி நேரம் நடத்திக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவார். பல்லைக் கடித்துக்கொண்டாவது போய்ச் சேருவாள். ஒருநாள்கூடப் படுக்கையை நனைத்ததில்லை.

பூனை, வீட்டின் பின்கட்டில் மண் போட்டு வைத்த தட்டில்தான் போகும். போய்விட்டு, புதையல் தேடுகிற மாதிரி பின்னங்காலால் வாரி இறைக்கும். தட்டுக்கு முன்னால் சாக்கு போட்டுப் பார்த்தார். சாக்கையும் தாண்டி வந்தது மண். மூடி போட்ட பெட்டி வாங்கினால் ஒரு மணி மண்கூட வெளியே வராது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். விற்கிறவன் என்றைக்கு உண்மை சொன்னான்? மகாராணி அதற்குள் தலையைக்கூட விடவில்லை.

கடைசியில், இதற்கு ஏன் ஊரானிடம் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. நாற்பது வருஷம் சுவர் எழுப்பினவன். எதிரே இடித்துப் போட்ட வீட்டிலிருந்து செங்கல் பொறுக்கி வந்தார். பின்கட்டின் மூலையில் ஏற்கெனவே இரண்டு பக்கம் சுவர் இருந்தது. மற்ற இரண்டு பக்கமும் செங்கல்லை நாலு வரி அடுக்கிக் கட்டி, உள்ளும் புறமும் பூசி இழைத்தார். கிட்டத்தட்ட முழங்கால் உயரம். காய்ந்ததும் மண்ணைக் கொட்டி, மட்டப்பலகையால் தேய்த்து, தரை போட்ட மாதிரி சமப்படுத்தினார். பழைய தட்டைத் தூக்கி எறிந்தார்.

“இனிமே எறைக்கட்டும் பாப்போம்” என்றார் பூனையிடம்.

வியாழக்கிழமை கூடத்தில் ஒரு மணி மண்கூட இல்லை. ஆனால் அன்று காலை அம்மாவின் போர்வையை எடுத்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். விரிப்பு ஈரம்.

“தெரியாமப் போயிருச்சு” என்றாள் கட்டிலில் கிடந்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“பரவால்லம்மா. இதுக்கென்ன.”

வெள்ளிக்கிழமையும் ஈரம். மகள் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டு வந்தாள். நோய் முற்றுகிறது, இனி அப்படித்தான் என்றாராம். தரை சுத்தமானது மேஸ்திரி கண்ணில் படவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பூனை மண்ணை அள்ளச் சுவருக்குள் குனிந்தவர், கரண்டியை வைக்காமல் நின்றார். மட்டப்பலகை இழுத்த வரி வரியான தடம், அவர் கை விட்டது விட்டபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை. மூன்று நாளாக இதற்குள் யாரும் இறங்கவில்லை. அன்று காலை நனைந்து வாளியில் கிடந்த விரிப்பை எடுத்து முகர்ந்தார். மூக்கைக் குத்தியது. மனுஷ வாடை இல்லை.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“இது மகாராணி வேலைதானே?”

“நான்தான்.”

“மண்ணுல ஒரு கீறல் இல்லடி. எங்கிட்டயே கதை விடுறியா?”

“நான்தான்னு சொல்றேன்ல.” நாக்கு குழறியது, ஆனால் கண் குழறவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வாயை மூடிக்கிட்டு இருங்க.”

“உன்னைப் பத்திப் பொண்ணு என்ன நெனைக்கிறா தெரியுமா?”

“என்ன வேணா நெனைக்கட்டும். என்னைத் தூக்கி இன்னொருத்தர்ட்ட குடுக்க மாட்டாளே.”

அவர் பூனையைத் தூக்கிப்போய்ச் சுவருக்குள் விட்டார். அது நடுங்கியது. முன்னங்காலைச் சுவர் மேல் வைத்து எக்கியது, பின்னங்கால் எழும்பவில்லை, சறுக்கி விழுந்தது. படிக்கு ஒரு கல் போட்டுப் பார்த்தார். கல்லில் ஏறி நின்று யோசித்துவிட்டு, விந்தி விந்திக் கட்டிலுக்கே திரும்பியது. பூனை இவ்வளவு முட்டி வலியோடு இருக்கிறது என்று சுவர் கட்டினவருக்குத் தெரியவில்லை. எதைத்தான் தெரிந்துகொண்டு கட்டினார்? சுத்தியலைக் கையில் எடுத்தார். இடித்தால் மண் வெளியே வரும், பூனை போகும். இடிக்காவிட்டால் பழி இவள் மேல். சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஞாயிறு காலை வழக்கம்போல் அவளைத் தூக்கி நிறுத்தப் போனார். அவள் தலையை ஆட்டினாள்.

“வரலையா?”

“வருது. வேணாம்.”

பூனைக்காகச் சொன்ன பொய்யை மெய்யாக்க, அவளே படுக்கையை நனைக்கப் போகிறாள். மேஸ்திரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

மகள் கையில் ஒரு பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

“அந்த அக்காவை வர வேணாம்னுட்டேன்ப்பா. தரை கண்ணாடி மாதிரி இருக்கு. இதை மொதல்லயே கட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?” பொட்டலத்தைப் பிரித்தாள். “இனிமே அம்மாவுக்கு டயப்பர் போட்டுருவோம். உங்களுக்கும் தூக்கிட்டு அலையுற வேலை இல்ல. எனக்கு இதெல்லாம் பழக்கந்தான்.”

“பாப்பா…”

“என்னப்பா?”

கட்டிலிலிருந்து மனைவியின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல. ஜன்னலைச் சாத்திட்டுப் போடு.”

மகள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து புடவையை விலக்கினாள். பூனை தலையைத் தூக்கி என்ன நடக்கிறது என்று பார்த்தது. படுத்திருந்தவள் இடது கையை மெல்ல நகர்த்தி அதன் இரண்டு கண்ணையும் பொத்தினாள்.