பல்செட்டில் ஒட்டிய துணுக்கு

டம்ளர் தண்ணீருக்குள் கிடந்து பல்செட் சிரிக்கிறது, கழற்றும்போது அதன் மேல்தட்டில் ஓர் ஓரமாய் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததே, இட்லியோ என்றால் இட்லி இன்னும் சட்டியில்தான் இருக்கிறது, காலைப் பூசையில் நன்மை வாங்கிவிட்டு வந்த அமலோற்பவம் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடவில்லை, அப்படியானால் அது நன்மையில் சாமியார் நாக்கில் வைத்த அப்பம், அப்பமாய் வந்த ஆண்டவர், ஐயோ மாதாவே, யோசிக்குமுன் குழாயில் காட்டிக் கழுவியல்லவா விட்டாள், வாஷ்பேசின் ஓட்டை வழியாக இறங்கி, கொல்லைச் சாக்கடையில், மீன் கழுவின தண்ணீரோடு தண்ணீராக, சீ, நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அமலோற்பவம் என்றால் மாசில்லாப் பிறப்பாம், பேர் வைத்த புண்ணியவான் வாயில் சர்க்கரை போடவேண்டும், அவளோ விவரம் தெரிந்த நாள்முதல் தன்மேல் மாசைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள், சின்ன வயதில் முதன்முதலாக வாங்கின புது நன்மைக்கு முந்தின நாள் சிஸ்டர் சொல்கிறாள், அப்பத்தில் பல் படக்கூடாது, பட்டால் ரத்தம் வரும், மறுநாள் வெள்ளைக் கவுன் கழுத்தை அறுக்க, பல் பட்டுவிட்டதோ என்று கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய், ரத்தம் வருகிறதா என்று துப்பிப் பார்த்தாள், வரவில்லை, அப்பாடா என்றிருந்தது, அடுத்த நொடியே, துப்பினேனே, எதைத் துப்பினேன், அன்றைக்குப் பிடித்த சனியன் விட்டபாடில்லை. இப்போது பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் புதுச் சாமியார், சாமி, பல்செட்டுல, என்று தொடங்குமுன்னே, அதெல்லாம் பாவமில்லம்மா, சமாதானமாப் போங்க, என்கிறார், அம்புட்டுதானா, ஆண்டவரைச் சாக்கடையில் விட்டதற்கு பரிகாரமாக ஒரு அருள்நிறை மந்திரம்கூடக் கிடையாதா, முழுசாய்க் கேட்டாரா, கொட்டாவி விட்டாரா, கேளாமல் கொடுத்த மன்னிப்புச் செல்லுமா, மறுவாரம் போய்ச் சாமியாரைச் சந்தேகப்பட்டதையே பாவமாகச் சொன்னாள், அவர் பெருமூச்சு விட்டார், அந்தப் பெருமூச்சில் என்னவோ இருந்தது, நரகத்தில் தள்ளுகிற சாவான பாவம்தான், கிழவி பயந்துவிடுவாளென்று மறைக்கிறார்.

சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் தீர்ப்பை வாங்கித் தின்றது போல, அதனால் ஞாயிறுதோறும் பெஞ்சு பெஞ்சாக ஜனம் எழுந்து போகையில், இவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், உரசிப்போகும் ஒவ்வொரு சேலையும் கேட்கிறது, என்ன பண்ணித் தொலைச்சாளோ, அதுவும் இந்த வயசுல. சேலைகள் கேட்டால் கேட்டுப்போகட்டும், கட்டின புருஷனுமா, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்ந்த கஸ்பார், சோறு போட்டால் கையைப் பார்க்கிறார், தண்ணீர் வைத்தால் முகத்தைப் பார்க்கிறார், ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, ஏட்டி, நீ நன்மை வாங்காததுக்கு அந்த ஐஸ் கம்பெனிக்காரனா காரணம், என்கிறார், எவன், என்கிறாள், ஒன்னயப் பொண்ணு கேட்டு வந்தான்லா, அவன் ஊருக்கு வந்திருக்கானாமே, அட கேடுகெட்ட மனுஷா, பேரன் பேத்தி எடுத்த வயசுலயா இந்தக் கேள்வி, என்று கரண்டியோடு திரும்பினவள் அப்படியே நின்றாள், நினைத்ததே இல்லையா, அந்தோணியார் சப்பரம் வந்த அன்று கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சிரித்தானே, நானும் சிரித்தேனா, சிரித்திருந்தால் சொந்தப் பல்லால் அல்லவா சிரித்திருக்கிறேன், அதை எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லையே. பாவி மனுஷன் புதிதாக ஒன்றை வேறு கிளப்பிவிட்டார்.

அழுகையும் ஆத்திரமுமாக அவரிடம் பல்செட் கதையைக் கொட்டினாள், சிரிப்பார், லூசு என்பார் என்று காத்திருந்தாள், கஸ்பார் சிரிக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார், இதுக்கா ராத்தூக்கம் இல்லாம என்னைய இந்தப் பாடு படுத்துன, குரல் உடைந்துபோயிருந்தது, இவ்வளவு ஆசை இந்த மனுஷனுக்கு என்மேல் இருக்கிறதா, அவளுக்கு அவரை அள்ளிக்கொள்ளலாம்போல இருந்தது, ஞாயித்துக்கெழம நீ போயி நன்மை வாங்கு, பல்ல நான் பாத்துக்கிடுதேன்.

போனாள், நாக்கை நீட்டினாள், அப்பம் நேரே போய் மேல்தட்டில் அப்பிக்கொண்டது, வழியில் யார் கூப்பிட்டும் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்து கழற்றிக் கொடுத்தாள், கஸ்பார் அதைக் குழாய்ப்பக்கமே கொண்டுபோகவில்லை, டம்ளர் தண்ணீரில் போட்டு அலசினார், வெள்ளையாய் ஒன்று சுழன்ற மாதிரியும் இருந்தது, சுழலாத மாதிரியும் இருந்தது, சிலுவை போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார், ஐயையோ, என்னங்க இது, பின்ன, பூசையில பாத்திரம் கழுவுன தண்ணியச் சாமியார் கீழயா கொட்டுதாரு, குடிக்கத்தான செய்தாரு, இனி ஆண்டவர் எங்கயும் போவல, இந்தா இங்க இருக்காரு, என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். எந்தப் பொண்டாட்டிக்கு எந்தப் புருஷன் செய்வான், அவள் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது, இறங்கினதுதான், கண்ணைத் துடைக்கும்போதே பொறி தட்டியது, பாவசங்கீர்த்தன வரிசையில் இந்த மனுஷன் நின்று எவ்வளவு காலமாயிற்று, பல்லில்லாத வாயால் மெதுவாகக் கேட்டாள், ஏங்க, ஐஸ் கம்பெனிக்காரன வச்சி என்மேல சந்தேகப்பட்டீங்கள்லா, அதப் போயிச் சாமியார்ட்டச் சொன்னீங்களா, சொல்லிட்டுத்தான குடிச்சீங்க. மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது, அவர் அவளைப் பார்த்தார், அவள் அவர் வயிற்றைப் பார்த்தாள், தண்ணீரில்லாத டம்ளருக்குள் கிடந்து பல்செட் சிரிக்கிறது.