பாதிச் சுவர் வெள்ளை

அருப்புக்கோட்டையில் புது வாசகசாலைச் சுவரில் படம் எழுதச் சென்னகேசவனையும் வெள்ளத்துரையையும் அழைத்தார்கள். இருவரும் மதராஸில் ஒன்றாக ஓவியம் படித்துவிட்டு வந்தவர்கள். அது நாற்பத்தேழாம் வருஷம், புரட்டாசி மாதம். சென்னகேசவன் நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வீட்டுப் பிள்ளை; அவனுக்கு நிறம்தான் எல்லாம். வெள்ளத்துரை பரளச்சியில் உழுது பிழைக்கும் சம்சாரி மகன். எழுதுவதைவிட எழுதாமல் விடுவதில் கெட்டிக்காரன்.

ஆளுக்குப் பாதிச் சுவர். சென்னகேசவன் அரக்கும் மஞ்சளும் கருநீலமுமாக ஒரு சந்தையை எழுதினான். விரல் வைக்க இடமில்லை. வெள்ளத்துரை அடியோரமாக முள் அடர்ந்த ஓர் உடைமரத்தையும், அதைத் தாண்டி நடக்கும் ஒரு பெண்ணையும் எழுதினான். மேலே முழுக்க வெறும் சுண்ணாம்பு வெள்ளை. அத்தோடு விதைப்பு வேலைக்கு ஊருக்குப் போய்விட்டான்.

வாசகசாலைத் தலைவர் அருஞ்சுனை வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னப்பா, பாதிச் சுவரு மொட்டையாக் கெடக்கு? நாளன்னைக்குத் திறப்பு. நீயே ஒரு வானத்தைப் போட்டு நெரப்பிரு."

சென்னகேசவனுக்கும் அந்த வெள்ளை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஏணியில் ஏறி நீலத்தை இழுத்தான். மத்தியானத்துக்குள் முடித்து, எட்டப் போய் நின்று பார்த்தான். நடந்துகொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். அவனுடைய சந்தையும் மூச்சுமுட்டிக் கிடந்தது. பக்கத்து வெள்ளையால்தான் தன் அரக்கு அப்படி எரிந்தது என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் காலை, திறப்புக்காக ஊரிலிருந்து வெள்ளத்துரை வந்து நின்றான்.

"ஏலே, நான்தான் கெடுத்தேன்," என்றான் சென்னகேசவன். "தலைவரு சொன்னாகதான். ஆனா என் கையும் அரிச்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றான் வெள்ளத்துரை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான். "சுண்ணாம்பு எங்க?"

இருவருமாக நீலத்தின்மேல் ஒரு பூச்சு அடித்தார்கள். காய்ந்த பிறகும் நீலம் முழுதாக மறையவில்லை. வெள்ளைக்கு அடியில் லேசாகக் கசிந்தது. சென்னகேசவன் மறுபூச்சுக்குச் சுண்ணாம்பில் மட்டைத் தூரிகையை முக்கினான்.

"விடுலே," என்று வெள்ளத்துரை அவன் கையைப் பிடித்தான். "நான் நெனச்சுப் போட்டிருந்தாலும் இது வந்திருக்காது."

மட்டையில் இருந்த சுண்ணாம்பைச் சென்னகேசவன் வீணாக்கவில்லை. தன் சந்தையின் நடுவில் நான்கைந்து ஆட்களை அழித்தான். கூட்டத்துக்குள் ஒரு பாதை விழுந்தது.

திறப்பன்று திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ராமலட்சுமி என்ற பெண் அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டாள். "இது எங்க மானாவாரிக் காடுல்ல! மழை எறங்கப் போகுது பாருங்க," என்றாள்.

வானத்தை அழித்துவிட்டார்களே என்று கோபத்தோடு வந்த அருஞ்சுனை, அவள் சொன்னதைக் கேட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றும் பார்த்தார்.

"காரியாபட்டிச் சத்திரத்துல ஒரு சுவரு கெடக்கு. ஆளுக்குப் பாதி எழுதித் தாரீகளா?"

"பாதி வேணாம் அண்ணாச்சி," என்றான் சென்னகேசவன். "முழுச் சுவரையும் ரெண்டு பேரும் சேந்தே எழுதுறோம்."